படம் திணறும் வளைவு

அண்ணி ஓட்டும் வேனில் உட்கார்ந்துகொண்டு ஊசியில் நூல் கோக்கலாம். நான் கோத்திருக்கிறேன். அது ஆஸ்பத்திரி வேன். சிறுநீரகம் பழுதாகி ரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வருகிறவர்களை வீட்டு வாசலிலிருந்து ஏற்றி வருவதும், முடிந்ததும் கொண்டுபோய் விடுவதும் அண்ணியின் வேலை. சக்கர நாற்காலியைத் தரையோடு பெல்ட் போட்டுக் கட்டுவார், ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார், பிறகுதான் சாவியைத் திருப்புவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் தொண்டை வறண்டாலும் வேகம் காட்டும் முள் ஏறாது. "உடம்புல தெம்பே இல்லாம உக்காந்திருக்காங்க. ஒரு குலுக்கல் அவங்களுக்கு ஒரு அடி" என்பார்.

இப்பேர்ப்பட்டவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி ஹாலின் மூலையில் உட்கார்ந்தால் ஆளே வேறு. இஸ்திரி போடும் மேசையை ஒரு ஸ்டீயரிங் கவ்விக்கொண்டிருக்கும். கீழே பெடல்கள். மிதிக்கிற மிதியில் அவை நகர்ந்துவிடாமல் இருக்கச் சுவருக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு செங்கல். கார்ப் பந்தய விளையாட்டு. பகலெல்லாம் சேர்த்துவைத்த வேகத்தை மொத்தமாக அங்கே கொட்டித் தீர்ப்பார். அந்த நேரத்தில் குறுக்கே போய் இஸ்திரிப் பெட்டியைக் கேட்ட பாவத்துக்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

நான் அவருக்கு நாத்தனார். அதே வீட்டின் பின்னறை என்னுடையது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை. "இது தெளிவா இருக்கா? இப்ப இது? முதல்ல பார்த்ததா, ரெண்டாவதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, தூக்கத்திலும் அதையே கேட்பதாக அண்ணன் சொல்கிறான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். ஏசி மெக்கானிக். புதிதாக எது கடைக்கு வந்தாலும் அவனுக்கு அது உடனே வேண்டும்.

அண்ணி தனியாக ஓட்டினால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆன்லைனில் அவர் சேர்ந்திருந்த பந்தயக் குழுவில் எல்லோரும் அவரை "வேன் அக்கா" என்று கூப்பிடுவார்கள். தனித்தனியாக ஓட்டி நேரம் பார்த்தால் வேன் அக்காவின் பெயர்தான் மேலே நிற்கும். ஆனால் எல்லோரும் சேர்ந்து ஓடுகிற பந்தயம் என்று வந்துவிட்டால் போச்சு. முதல் சுற்றிலேயே கேலரி வளைவில் மாட்டிக்கொள்வார். நீண்ட நேர்ப்பாதை, அதன் முடிவில் இடது பக்கம் ஜனம் நிரம்பிய கேலரி, அதைத் தொட்டாற்போல் வலப்பக்கம் ஒரு கொடூரமான வளைவு. அங்கே எல்லோருக்கும் முன்னால் அண்ணியின் கால் பிரேக்கை அமுக்கிவிடும். பின்னால் வருகிறவன் வந்து மோதுவான். வண்டி பம்பரமாகச் சுற்றி நிற்கும்போது மற்றவர்கள் கண்ணுக்கே தெரியாத தூரத்துக்குப் போயிருப்பார்கள்.

"உனக்குக் கூட்டம் ஆகாதும்மா" என்று அண்ணன்தான் முதலில் சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான். அது அண்ணியின் மனதில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

எவ்வளவு ஆழமாக என்பது ஆம்புலன்ஸ் பேச்சு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுவது அண்ணியின் வெகுநாள் ஆசை. மைதானத்தில் வைத்த தேர்வில் சுத்தமாக ஓட்டிக் காட்டிப் பாஸும் பண்ணியாகிவிட்டது. ஓர் இடம் காலியாகி, சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு வந்த கோபத்தில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன்.

"ஏன் அண்ணி? இதுக்குத்தானே காத்திருந்தீங்க?"

"எனக்குக் கூட்டம் ஆகாதுடி. சூப்பர்வைசர்கிட்டயும் அதான் சொன்னேன். விளையாட்டுலயே சுத்தி நாலு வண்டி வந்தா என் கால் தானா பிரேக்குக்குப் போகுது. சைரன் போட்டுக்கிட்டு நெரிசல்ல போறப்ப அப்படி ஆச்சுன்னா? உள்ள ஒரு உசிரு படுத்திருக்குமே."

ரோட்டில் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தடுமாறாதவர், ஒரு விளையாட்டைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு தன்னைத் தானே கோழை என்று முடிவு கட்டியிருந்தார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அண்ணன் ஒரு நாள் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். ரிஃப்ரெஷ் ரேட், அதாவது திரை படத்தை மாற்றுகிற வேகம், தானாக மாறுகிற கேமிங் மானிட்டர் ஒன்றைக் கடையில் பார்த்துவிட்டானாம். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அரதப்பழசு. கேலரி வரும் இடத்தில் அத்தனை ஜனத்தையும் வரைந்து முடிக்க அதற்கு மூச்சு வாங்கும். படம் ஒரு திணறு திணறிவிட்டுத்தான் நகரும். அந்தப் பெட்டிக்குள் இதற்கு மேல் எந்தப் பாகத்தையும் மாற்ற முடியாது என்று அண்ணன் ஏற்கெனவே கைவிரித்திருந்தான்.

"அது கிடக்கட்டுங்க, எனக்குப் பழகிப்போச்சு" என்றார் அண்ணி.

"பழகக் கூடாதும்மா. நல்லா கேளு. பழைய மானிட்டர் பஸ் மாதிரி. நேரம் ஆனா கிளம்பிடும், படம் வந்துச்சா வரலையான்னு பார்க்காது. ஒரு படம் லேட்டா வந்துச்சுன்னா அது அடுத்த பஸ்ஸுக்கு நிக்கணும். அதான் திணறுது. புது மானிட்டர் உன் வேன் மாதிரி. படம் வந்து ஏறின பிறகுதான் கிளம்பும்."

அண்ணியின் முகம் லேசாக மலர்ந்ததைப் பார்த்து எனக்கு எரிச்சல். நானும் கடையில் வேலை பார்க்கிறவள்தானே. கண்ணாடிக்கு ஒரு பூச்சு, அந்தப் பூச்சுக்கு மேல் இன்னொரு பூச்சு என்று நாங்கள் தலையில் கட்டாததா? போட்டுக்கொண்டு "ஆகா, இப்ப நல்லா தெரியுது" என்பவர்களில் பாதிப் பேருக்கு எந்த வித்தியாசமும் தெரிவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

"வேகம் கூடுமா அதனால?" என்று கேட்டேன்.

"கூடாது. கம்ப்யூட்டர் எத்தனை படம் வரையுமோ அத்தனைதான் வரையும்."

"அப்புறம் எதுக்குடா?"

"வரைஞ்சதாவது ஒழுங்கா வந்து சேருமே."

வாங்கிவிட்டான். பழைய மானிட்டர் என் அறைக்கு வந்து என் துணிக்கூடை மேல் குடியேறியது. புதியதைப் பொருத்தி, விளையாட்டைப் போட்டு, அண்ணி இரண்டு வளைவு திரும்புவதற்குள் அண்ணன் கையைத் தட்டினான். "பார்த்தியா, வெண்ணெய் மாதிரி வழுக்குது பார்த்தியா."

எனக்கு ஒன்றும் வழுக்கவில்லை. அண்ணியும் "ம்ம்" என்றுதான் சொன்னார். சும்மா விடுவேனா? கடையில் செய்கிற சோதனையை வீட்டில் செய்தேன். அண்ணியைக் கண்ணை மூடச் சொல்லி, கம்ப்யூட்டரில் அந்த வசதியைப் போட்டும் அணைத்தும் வைத்துக் கண்ணைத் திறந்து ஓட்டச் சொன்னேன். "இது தெளிவா? இப்ப இது? முதல்ல பார்த்ததா, ரெண்டாவதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டி" என்றார் அண்ணி, ஒவ்வொரு தடவையும்.

அண்ணனின் வெண்ணெய் அங்கேயே உருகிவிட்டது. முகம் சுண்டிப்போய் அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டுக் கையேட்டைத் தேடி எடுத்தான். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. கம்ப்யூட்டரில் போட்டால் மட்டும் போதாது, மானிட்டருக்குள்ளேயே இருக்கிற மெனுவிலும் ஒரு முறை போட வேண்டுமாம். போடாத ஒன்றைத்தான் அவன் அவ்வளவு நேரம் வெண்ணெய் என்று ரசித்திருக்கிறான். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

மானிட்டரின் பின்பக்கம் தடவி ஒரு பொத்தானை அமுக்கி, மெனுவுக்குள் போய் அதையும் போட்டோம். மறுபடி சோதனை.

இந்தத் தடவை அண்ணி நேர்ப்பாதையில் வந்து கேலரியைத் தாண்டியதுமே "அய்யோ" என்றார். "ஜனங்க முகம் தெரியுதுடி. ஒரு பொம்பளை தொப்பி போட்டிருக்கா. இத்தனை நாள் எங்க இருந்தா இவ?"

மாற்றி மாற்றிக் கேட்டேன், ஏமாற்றியும் கேட்டேன். ஒரு தடவைகூட அவர் தப்பாகச் சொல்லவில்லை. எனக்கே மெய் சிலிர்த்தது. கடைக்காரன் சொன்னது நிஜமாக இருப்பதை என் தொழிலில் நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

ஆனால் தொப்பிக்காரியைப் பார்த்துக்கொண்டே அண்ணி நேராகப் போய் மண்ணில் இறங்கினார். முதல் தடவை சிரித்தோம். இரண்டாவது தடவையும் இறங்கினார். அந்த வாரம் முழுக்க இதே கதை. மற்ற வளைவுகளிலெல்லாம் முன்பைவிட நன்றாக ஓட்டுகிறார், கேலரி வளைவில் மட்டும் பிரேக் தாமதமாகிறது, வண்டி மண்ணில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஞாயிறு மத்தியானம் பெரிய பந்தயம். முதல் மூன்று இடம் பிடிக்கிறவர்களை மேல்மட்டக் குழுவில் சேர்ப்பார்கள். போதாததற்கு ஆம்புலன்ஸ் இடம் மறுபடி காலியாகி, திங்கள்கிழமைக்குள் பதில் சொல்லும்படி சூப்பர்வைசர் கேட்டிருந்தார். இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்று அண்ணியின் முகத்தில் எழுதியிருந்தது.

"இதைத் திருப்பிக் கொடுத்துடலாங்க" என்றார் அண்ணனிடம். "தனியா ஓட்டவாவது எனக்கு வரும்னு இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு."

அண்ணன் அட்டைப்பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வைத்தான். அவன் அப்படித் தலை தொங்கி நான் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. கடையில் ஒருவர் கண்ணில் சோதனைக் கண்ணாடியை மாட்டி எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், போன் அலறுகிறது. அண்ணி. வேலை நேரத்தில் போனைத் தொடாதவர்.

"வேனை ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசறேன், பயப்படாத. எங்க ரூட்ல ஒரு வேகத்தடை உண்டுல்ல, நான் ஏத்திட்டு வர்ற அந்த வயசான சார் வீட்டுக்கு முன்னாடி? ராத்திரி புதுசா ரோடு போட்டுட்டாங்க. தடையே இல்ல. நான் அவர் வீட்டு கேட்டைத் தாண்டிப் போயிட்டேன்டி."

"அதுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?"

"நானா? வீட்டைத் தாண்டிப் போனேன்? எத்தனை வருஷமா போற வீடு. அப்பதான் புரிஞ்சுது. நான் வீட்டைப் பார்த்து பிரேக் போடல. குலுங்கினதும் பிரேக் போட்டிருக்கேன். கேலரிலயும் அதேதான். படம் திணறினதும் பிரேக் போட்டிருக்கேன். இப்ப திணறல, நானும் போடல."

எதிரே இருந்தவர் எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை மறந்தே போயிருந்தேன்.

சாயங்காலம் நான் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. அண்ணன் ஏற்கெனவே ஒரு யோசனையோடு தயாராக இருந்தான். "ரொம்ப சிம்பிள். ஞாயித்துக்கிழமை மட்டும் அந்த வசதியை அணைச்சிடலாம். பழைய திணறல் வந்துடும், உன் பிரேக்கும் வந்துடும்."

"இரு" என்றேன். எனக்குள் ஏதோ ஒன்று அரித்தது. தனியாக ஓட்டும்போது திணறல் வரும் இடமும் பிரேக் போட வேண்டிய இடமும் அதிர்ஷ்டவசமாக ஒன்றாக இருந்திருக்கிறது. சரி. சுற்றி இருபது வண்டி இருந்தால்? அத்தனை வண்டியையும் சேர்த்தல்லவா அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் வரைய வேண்டும்?

விளையாட்டிலேயே கம்ப்யூட்டர் ஓட்டுகிற வண்டிகளைப் பந்தயத்தில் சேர்க்கலாம். கொள்ளுமட்டும் சேர்க்கச் சொன்னேன். மானிட்டர் பொத்தானில் அண்ணனை உட்கார வைத்தேன். நான் இஸ்திரி மேசைக்கு அடியில் தரையில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் அண்ணியின் வலது காலையே பார்த்தேன். தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணை விட்டுவிட்டுக் காலைச் சோதித்தேன்.

"வசதியை அணைச்சாச்சு" என்றான் அண்ணன். அண்ணியின் வண்டி கூட்டத்தோடு நேர்ப்பாதையில் வந்தது. கேலரி இன்னும் வரவில்லை என்று அண்ணன் கத்துகிறான், கால் அதற்குள் பிரேக்குக்குப் போய்விட்டது. பின்னால் டமால்.

"இப்ப போட்டாச்சு." வண்டிகள் அதே மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. கால் அசையவில்லை. கேலரி வந்து, தாண்டி, மண்ணில் இறங்குகிற வரைக்கும் அசையவில்லை.

மறுபடி அணைத்தோம், மறுபடி போட்டோம். சொல்லாமலும் மாற்றிப் பார்த்தோம். அணைத்தால் கால் முந்துகிறது. போட்டால் முந்தவில்லை. கூட்டத்தில் படம் முன்கூட்டியே திணறியிருக்கிறது, திணறினால் மிதி என்று பழகிய கால் முன்கூட்டியே மிதித்திருக்கிறது. விஷயம் அவ்வளவுதான். நான் மேசைக்கு அடியிலிருந்து எழுந்த வேகத்தில் தலையில் இடித்துக்கொண்டேன். வலிக்கவே இல்லை.

அண்ணி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்ப அது பயம் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். கூட்டம் ஆகாது என்று பெயர் வைத்தவன் அவன்தானே.

"அணைக்க வேண்டாம்" என்றார் அண்ணி. "வளைவைப் பார்த்தே பழகிக்கறேன்."

அன்றும் மறுநாளும் வீட்டில் யாரும் துணிக்கு இஸ்திரி போடவில்லை. கேலரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மஞ்சள் கம்பம் இருப்பதை அண்ணி கண்டுபிடித்தார். எத்தனையோ ஆயிரம் தடவை கடந்து போன இடம், கம்பம் இருப்பதே அதுவரை தெரியாது. மற்ற வண்டிகள் மறைத்தாலும் அதன் உச்சி தெரியும். கம்பம் பக்கவாட்டில் வந்ததும் பிரேக். முதலில் மண், பிறகு பாதி மண், பிறகு சக்கரம் மட்டும் மண்ணைத் தொட்டது, பிறகு அதுவும் இல்லை. பக்கத்தில் நின்று நான் "கம்பம், கம்பம்" என்று ஓயாமல் கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது.

இப்போது கடைக்கு வருகிறவர்களிலேயே சிலர் இந்த மானிட்டர் வாங்கலாமா என்று என்னைக் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் தங்குதடையில்லாமல் படம் தருகிறது என்றால் வேண்டாம், சும்மா இருங்கள் என்பேன். எங்கள் அண்ணன் மாதிரி கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுவதற்கு என்றால் வேண்டவே வேண்டாம். வேகமான விளையாட்டு, இடத்துக்கு இடம் மூச்சு வாங்குகிற கம்ப்யூட்டர், வித்தியாசம் தெரிகிற கண், இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். வாங்கினால் அதன் மெனுவுக்குள் போய்ப் போடவும் வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் வந்தது. அண்ணி ஹெட்போனை மாட்டினார். அண்ணனும் நானும் சோபாவில். சோபாவில் என்று பெயர்தான், இரண்டு பேரும் அதன் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தோம். அண்ணி கூட்டத்தின் நடுவில் ஆறாவதாகக் கிளம்பினார். முன்னால் வண்டி, பின்னால் வண்டி, இரண்டு பக்கமும் வண்டி. கதவோடு கதவு உரசுகிற மாதிரி நேர்ப்பாதைக்குள் நுழைந்தார்கள்.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அண்ணியின் காலைப் பார்த்தேன்.

கால் அமைதியாக இருந்தது. பக்கத்தில் இருந்த நீல வண்டி பிரேக் போட்டது. சிவப்பு வண்டியும் போட்டது. அண்ணி போடவில்லை. மஞ்சள் கம்பத்தின் உச்சி பக்கவாட்டில் வந்த கணத்தில் கால் இறங்கியது, ஒரே மிதி, வேனை வாசலில் நிறுத்துகிற அதே நிதானமான மிதி. நீலமும் சிவப்பும் பின்னால் போயின. வளைவின் மறுபக்கத்தில் அண்ணி நாலாவதாக வெளியே வந்தார்.

நாங்கள் கத்திய கத்தலில் ஹெட்போனுக்குள் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கிறது. "வேன் அக்கா, உங்க வீட்ல என்ன சண்டையா?" என்று எவனோ கேட்டானாம்.

அதன் பிறகு அந்த வளைவு ஒவ்வொரு சுற்றிலும் வந்தது, ஒவ்வொரு சுற்றிலும் அண்ணி அதைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். கடைசிச் சுற்றில் முன்னால் இருந்தவன் கம்பத்துக்கு முன்பே மிதித்தான், அண்ணி உள்பக்கமாக நுழைந்து அவனைத் தாண்டினார். மூன்றாவது இடம். மேல்மட்டக் குழு. அண்ணன் சோபாவின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். எப்போது ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. நான் அழுதுகொண்டிருந்தேன், அதை மறைக்கவும் இல்லை.

அண்ணி ஹெட்போனைக் கழற்றி வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் புடவையில் துடைத்துக்கொண்டார். எங்களோடு சேர்ந்து குதிப்பார் என்று பார்த்தால், இஸ்திரி மேசை ஓரத்திலிருந்த போனை எடுத்தார்.

"சார், ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். வேன் டிரைவர் பேசறேன். அந்த ஆம்புலன்ஸ் இடம் இன்னும் இருக்குங்களா?"

சூப்பர்வைசருக்கு எப்போதுமே குரல் பெரியது. சோபா வரைக்கும் கேட்டது. "இருக்கும்மா. ஆனா நீங்கதானே கூட்டம் ஆகாதுன்னு சொன்னீங்க?"

அண்ணி திரும்பி, சோபாவின் மேல் நின்றுகொண்டிருந்த அண்ணனை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார்.

"அது எனக்கு இல்ல சார்" என்றார். "எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு."